மூடி போட்டு எடுத்த வானம்

1

இந்தக் கதை ஓர் எக்ஸ்-ரே அறையில் பிறந்தது. விடாத இருமலுக்காக நெஞ்சைப் படமெடுக்கப் போயிருந்தேன். சுவரில் இளஞ்சிவப்பாக ஏதோ விரிந்திருந்தது. யாருடைய நுரையீரல் என்று கேட்டுவைத்தேன்.

"அது நெபுலாங்க, வானத்துல இருக்கிற வாயு மேகம். எங்க மொட்டை மாடியில நான் எடுத்தது" என்றார் படமெடுக்கும் அம்மா. முகத்தில் அப்படியொரு மிதப்பு. மீதியில் பாதி அவர் சொன்னது, பாதி நான் கட்டியது. (கதைக்குள் அவர் 'அவள்' ஆகிவிடுவார். கோபித்துக்கொள்ள மாட்டார்.)

2

நீலப் பட்டை விரித்தாற்போல மாலை வானம்...

(வேண்டாம். மாடிக்கே வந்துவிடுவோம்.)

கொடியில் துணி. தண்ணீர்த் தொட்டியின் பக்கத்தில் முக்காலி, அதன்மேல் கேமரா. நெபுலா எதிர்க் கட்டடத்துக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. இன்றைக்கு விட்டால் அடுத்த குளிர்காலம்தான். போன வாரப் படங்களில் மணலை வாரி இறைத்த மாதிரி புள்ளிகள். வீட்டு மாடியில் இதெல்லாம் நடக்கிற காரியமா என்று கொழுந்தன் வேறு சிரித்திருந்தான். தானாகப் படமெடுக்கும்படி கேமராவை ஓடவிட்டாள். ஆஸ்பத்திரியிலிருந்து போன் வரவே கீழே போனாள்.

3

துணி எடுக்கக் கணவர் மேலே வந்தார்.

(முதல் வரைவில் இவரைப் பொறாமைக்காரராக்கிப் பார்த்தேன். ஒட்டவில்லை. மருந்துக்கடையில் நாள் முழுக்கக் குப்பிகளுக்கு மூடி திருகுகிறவர். திறந்து கிடக்கும் எதைக் கண்டாலும் கை சும்மா இருக்காது, அவ்வளவுதான்.)

லென்ஸ் திறந்திருந்தது. பனி இறங்கியது. மூடிவிட்டுப் போனார்.

அவள் திரும்பி வந்தபோது நெபுலா மறைந்திருந்தது. படமெல்லாம் கன்னங்கரேலென்று இருந்தது.

"நீங்களா மூடினீங்க?"

"பனி விழுதேன்னுதான்..."

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

4

இங்கேயே நிறுத்திச் சோகக் கதை எழுதினேன் என்று பேர் வாங்கியிருப்பேன். அவள் விடவில்லை.

மூடி போட்டு எடுத்தால் கேமராவின் சொந்த அழுக்கு, அதாவது அந்த மணல் புள்ளிகள், மட்டும் பதியும். அதை நல்ல படத்திலிருந்து கழித்தால் வானம் மிஞ்சும். அவளுக்கும் தெரிந்ததுதான். வானம் திறந்திருக்கிற நேரத்தில் எவளாவது இருட்டைப் படம் பிடிப்பாளா என்று ஒவ்வொரு முறையும் தட்டிக்கழித்துவந்தாள். இப்போது அதே கேமரா, அதே குளிர், வேண்டிய மட்டும் இருட்டு. போன வாரப் படங்களிலிருந்து அதைக் கழித்தாள்.

மணல் உதிர்ந்தது. இளஞ்சிவப்பு இரண்டு பக்கமும் சிறகாக விரிந்து நின்றது. ஜெயித்துவிட்டாள்! எழுதிக்கொண்டிருந்த நானே எழுந்து நின்றுவிட்டேன்.

5

கணவருக்கு இன்னும் தெரியாது. தன்னால்தான் எல்லாம் கெட்டது என்று, மடித்த துணியையே மறுபடி மடித்துக்கொண்டு அடுத்த அறையில் இருக்கிறார்.

முடிவு ஒன்று: ஓடிப்போய்க் கட்டிக்கொள்கிறாள். (சினிமா.)

முடிவு இரண்டு: சொல்லாமல் இரண்டு நாள் தவிக்கவிடுகிறாள். (எனக்குப் பிடித்தது. ஆனால் பாவம், அந்த மனுஷன்.)

முடிவு மூன்று: அவள் கதவருகே போய்,

நிஜத்தில் என்னதான் ஆயிற்று என்று அன்றைக்கே எக்ஸ்-ரே அறையில் அந்த அம்மாவையே கேட்டேன். சிரித்துக்கொண்டே கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் போனார்.

"மூச்சை நல்லா இழுத்துப் பிடிங்க. அசையாதீங்க."

பிடித்துக்கொண்டிருக்கிறேன். இன்னும் விடச் சொல்லவில்லை. என்னால் பேச முடியாது, துணி மடிக்கும் அந்தக் கணவரை நீங்களே கூப்பிட்டுப் படத்தைக் காட்டிவிடுங்கள்.