மூன்றாம் பெஞ்சின் மிஸ்டு கால்

அன்று வங்காளத்து டாலிகஞ்ச் பள்ளியின் தலைமையாசிரியை அறையில் இருந்தவர்கள்: தலைமையாசிரியை திருமதி சென்குப்தா, எட்டாம் வகுப்புக் கணக்கு ஆசிரியையான என் மருமகள் வசுமதி, பலசரக்குக் கடைக்காரர் மருதமுத்து, அவர் மனைவி வனஜா, துறைமுகத்தில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்ற ரங்கராஜனாகிய நான். என் மகனுக்குச் சால்ட் லேக் அலுவலகத்தில் விடுப்புக் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தாலும் நான்தான் போயிருப்பேன். குடும்பத்தின் பெயர் சம்பந்தப்பட்ட விஷயம். நடந்தது 2006இல்.

வனஜா கணவரின் செல்போனை மேஜைமேல் வைத்தார்.

"வெள்ளிக்கிழமை தவறாம இந்த நம்பருக்குப் போன் போயிருக்கு. அடிச்சுப் பாத்தா டீச்சரம்மா எடுக்குறாங்க. கடைக்காரருக்கு இவங்ககிட்ட என்ன பேச்சு?"

"நான் எங்க பேசுனேன்? அன்னிக்குப் போனை நம்ம பையன் வருண்தான ஸ்கூலுக்கு எடுத்துட்டுப் போறான்!" என்றார் மருதமுத்து.

"புள்ள மேல பழியப் போடாதீங்க. பள்ளிக்கூடத்துல போனுக்கு என்ன வேலை?"

"கீ போல்சேன்?" என்ன சொல்கிறார் என்று கேட்டார் தலைமையாசிரியை. தன்னைப் பற்றிச் சொன்னதை வசுமதியே வங்காள மொழியில் சொல்லவேண்டியிருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து, என் மருமகளின் நடத்தையைப் பற்றிப் பேச இங்கே யாருக்கும் உரிமையில்லை என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

"அப்பா, செத்த உக்காருங்கோ," என்று தன் போனை எடுத்தாள் வசுமதி.

வெள்ளிக்கிழமை வகுப்புக்கு ஒவ்வொரு பெஞ்சும் ஒருவர் வீட்டுப் போனைக் கொண்டுவரும். அவள் கரும்பலகையில் கணக்கு எழுதுவாள். போட்டு முடித்த பெஞ்ச் அவளுக்கு மிஸ்டு கால் கொடுக்கும். எடுக்குமுன் துண்டித்துவிடுவதால் செலவில்லை. யார் முதலில் என்பது திரையில் தெரியும். எண்களைப் பெஞ்ச் வாரியாகப் பதிந்துவைத்திருந்தாள்.

வனஜா வாங்கிப் பார்த்தார். மருதமுத்துவின் எண்ணுக்கு 'பெஞ்ச் 3' என்று பெயர்.

"இத்தன வருசமா இவருக்கு என்ன பேரு வைக்கலாம்னு நானும் யோசிச்சேன். பெஞ்சுதான் சரி. போட்ட எடத்துல கெடக்கும்."

மருதமுத்துவே சிரித்துவிட்டார். வனஜா வசுமதியின் கையைப் பிடித்து, "மனசுல வச்சுக்காதீங்க டீச்சர்," என்றார். விஷயம் முடிந்தது என்று நான் எழுந்தேன்.

முடியவில்லை. இனி வகுப்பில் போன் கூடாது என்றார் தலைமையாசிரியை. அனுமதி கொடுத்தவரே அவர்தான்; வசுமதி அதை நினைவூட்டினாள். பெற்றோர் இப்படிச் சண்டைக்கு வந்தால் பள்ளி நடத்த முடியாது என்றார் அவர்.

முன்பெஞ்சுகள் போடும் கூச்சலில் பின்பெஞ்சுப் பிள்ளைகள் கையைக்கூடத் தூக்கியதில்லை, மிஸ்டு கால் வந்தபிறகுதான் அவர்களும் கணக்குப் போடுகிறார்கள் என்று வசுமதி வாதாடினாள். சீட்டில் எழுதித் தரச் சொல்லலாமே என்றார் தலைமையாசிரியை. அதைச் செய்து பார்த்தாயிற்று, எழுந்து வந்து கொடுக்கக் கூசுகிறார்கள் என்றாள் இவள். அவர் மணியைப் பார்த்தார்.

"பேரு தப்பிச்சுது. கிளம்பு, போலாம்," என்றேன்.

"என் பேரைப் பத்தி இப்ப யாரும் பேசலையேப்பா. கிளாஸைப் பத்தின்னா பேசிண்டிருக்கோம். அது இல்லேன்னா இந்த வேலையே வேண்டாம்."

"இன்னிக்கு நீ வேலையை விட்டா ஊர் என்ன சொல்லும், தெரியுமோ?"

"தெரியும்," என்றாள். தலைமையாசிரியையிடமே ஒரு வெள்ளைத்தாள் கேட்டு வாங்கினாள்.

அன்றிலிருந்து கோயிலிலும் மெட்ரோவிலும் கடைத்தெருவிலும் கேட்கிறவர்களுக்கெல்லாம் விளக்கி எனக்குத் தொண்டை வற்றிவிட்டது. முழுதும் கேட்டுத் தலையாட்டிவிட்டு, "சரி மாமா, அவாளை ஏன் நீக்கினா?" என்கிறார்கள். மருதமுத்துவும் வனஜாவும் எடுத்துச் சொல்லியும் பயனில்லை.

போன் விவகாரத்தில் வசுமதியைப் பள்ளி நீக்கிவிட்டது என்பது பொய். வகுப்பில் மிஸ்டு காலை நிறுத்தச் சொன்னதால் அவளே ராஜினாமா செய்தாள்.