பனி குவித்த மூலை

ஸ்லாவ்கா குதிரைமேல் ஏறி உட்கார்ந்த பிறகுதான் என் கம்பி அந்த மூலையில் இறங்கியது. கொஞ்சம் முன்னால் இறங்கித் தொலைத்திருக்கக் கூடாதா, சனியன் பிடித்த கம்பி!

நானும் என் கொழுந்தன் லேலண்டும் குதிரை ஓட்டும் களங்களுக்குத் தரை போடுகிறவர்கள். கனடாவின் சாஸ்கட்செவன் மாகாணத்தில் இந்தத் தொழிலைச் செய்தால் நிம்மதியாகத் தூங்க முடியாது. குளிர்காலத்தில் மண் ஆளுயர ஆழத்துக்கு உறைந்து கல்லாகிவிடும். ஏப்ரலில் மேலிருந்து இளக ஆரம்பிக்கும். இளகிய தண்ணீர், கீழே இன்னும் உறைந்து கிடக்கிற மண்ணைத் தாண்ட வழியில்லாமல் நடுவிலேயே நிற்கும். காற்று வந்து மேல் மணலை மட்டும் காய வைத்துவிட்டுப் போகும். பார்வைக்கு அப்பளம், உள்ளே கூழ்.

அதனால் காலையிலேயே வந்து இரும்புக் கம்பியால் களம் முழுக்கக் குத்திப் பார்த்தேன். எல்லா இடத்திலும் அடியில் இருந்த ஜல்லி ‘ணங்’ என்று தடுத்தது. கடைசி மூலை பாக்கி இருக்கும்போதே ஸ்லாவ்கா குதிரையோடு வந்துவிட்டாள்.

“தரை எப்படிடி இருக்கு லெனி?”

“ஜோரா இருக்கு, ஏறு.” என் வாய் முந்திக்கொண்டது.

ஸ்லாவ்காவும் நானும் பள்ளிக்கூடத்திலிருந்தே ஒன்றாகத் திரிந்தவர்கள். போன வருஷம் இதே மாதம், யாரோ ஒருவருடைய களத்தில், அவள் குதிரை பட்டனின் முன்னங்கால் மணலுக்குள் புதைந்தது. குதிரை எழுந்துவிட்டது. இவளுக்கு இடுப்பெலும்பு முறிந்தது. எலும்பு கூடிவிட்டது, பயம் மட்டும் போகவில்லை. “நீ போட்ட தரைன்னா ஒரு தடவை ஏறிப் பாக்கறேன். அதுலயும் முடியலைன்னா பட்டனை வித்துடறேன், என்னை விட்டுடு” என்று சொல்லித்தான் தன் வீட்டுப் பின்புறம் இந்தக் களத்தைப் போடச் சொன்னாள். பனி விழுமுன்பே போட்டு முடித்தோம். இன்றைக்குத்தான் அந்த ஒரு தடவை.

அந்தக் கடைசி மூலையில் கம்பி முழங்கை ஆழம் வழுக்கிக்கொண்டு போனது. வெளியே எடுத்தால் நுனியெல்லாம் சேறு.

வேலியோரம் காபியும் கையில் ஒரு துண்டு பெர்ரி கேக்குமாக நின்றிருந்த லேலண்டிடம் ஓடினேன். “இந்த மூலையில என்னடா பண்ணித் தொலைச்ச?”

“ஒண்ணும் பண்ணலையே அண்ணி. பனியைத்தான் தள்ளினேன்.”

“எப்போ?”

“குளிர்காலம் பூரா. வேற எங்க தள்றது, உங்க சமையல்கட்டுலயா? நேத்து மிச்சம் இருந்ததை வாரிட்டு நல்ல மணலாத் தூவி விட்டேன். டிராக்டரையே ஏத்திப் பாத்தாச்சு, அசையல.”

“டிராக்டர் சக்கரம் எவ்வளவு அகலம், குளம்பு எவ்வளவு அகலம்? அறிவுன்னு ஒண்ணு இருக்கா உனக்கு?”

மென்றுகொண்டிருந்த வாய் அப்படியே நின்றது. பனியை மூலையில் குவிப்பது எங்கள் ஊரில் கை தானாகச் செய்கிற வேலை. அடப்பாவி, அதைக் களத்திலுமா செய்வாய்! குவியல் உருகிய தண்ணீர் முழுக்க அங்கேயே இறங்கி நின்றிருக்கிறது.

“நிறுத்தச் சொல்லுங்க அண்ணி” என்றான் மெதுவாக.

ஸ்லாவ்காவைப் பார்த்தேன். களத்தின் வாசல் பக்கமாகவே பட்டனை நடத்திக்கொண்டிருந்தாள். உதடு வெளுத்திருந்தது. ஆனாலும் நடத்திக்கொண்டிருந்தாள். ஒரு மூலை கெட்டுப்போச்சு என்று சொன்னால் அவளுக்கு மொத்தத் தரையும் கெட்டதுதான். இறங்கிவிடுவாள், அப்புறம் சாகும்வரை ஏறமாட்டாள். வழியை மறிக்க ஒரு பீப்பாயை உருட்டி வைத்தாலும் எதற்கு என்று கேட்பாள். சொல்லாமல் விட்டு அவள் இங்கே வந்துவிட்டால்? இன்னொரு தடவை விழுந்தால் அந்த இடுப்பு தாங்குமா?

லேலண்டின் காபிக் கோப்பையைப் பிடுங்கிக்கொண்டு போய் அந்த மூலையில் நின்றேன்.

“அங்க எதுக்குடி நிக்கற?” என்று ஸ்லாவ்கா கத்தினாள்.

“இங்கேருந்துதான் நல்லாத் தெரியுது. நீ ஓட்டு!”

முதல் சுற்றில் என்னைத் தொடுகிற தூரத்தில் வளைந்து போனாள். என் காலடியில் தரை தளதளவென்று ஆடியது. இரண்டாவது சுற்றில் பூட்ஸின் விளிம்பில் தண்ணீர் ஊறியது. அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். பட்டன் துள்ளு நடைக்கு மாறியது. ஒவ்வொரு குளம்பு விழும்போதும் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. கோப்பையிலிருந்து காபி சிந்திக்கொண்டே இருந்தது, ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை.

“தள்ளி நில்லு லெனி, உனக்குப் பின்னால போறேன்!”

“மாட்டேன்!”

“பைத்தியமா உனக்கு?”

“ஆமா! உள்பக்கமா போ!”

அவள் சிரித்தாள். குதிரைமேல் உட்கார்ந்து சிரித்தாள்! போகிறபோது என் தொப்பியைத் தட்டிவிட்டுப் போனாள். அதைக் குனிந்து எடுக்கலாமென்று பார்த்தால் கால் வரவில்லை. சேறு கணுக்காலைத் தாண்டியிருந்தது.

கடைசியில் களத்தின் நடுவில் பட்டனை நிறுத்தி இறங்கினாள். குதிரையின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, பட்டனையும் இழுத்துக்கொண்டு என்னைக் கட்டிக்கொள்ள வந்தாள்.

“அங்கேயே நில்லு! பட்டனைக் கொண்டு வராதே!”

என் குரலில் அவள் நின்றுவிட்டாள். என் முகத்தைப் பார்த்தாள், பிறகு காலைப் பார்த்தாள். கடிவாளத்தை லேலண்டிடம் கொடுத்துவிட்டுத் தனியாக நடந்து வந்து கை நீட்டினாள். இழுத்த இழுப்பில் நான் வந்தேன், பூட்ஸ் வரவில்லை. ஈரக் காலுறையோடு குளிர்ந்த மணலில் நின்றேன்.

“உனக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“எப்பத்திலேருந்து?”

“நீ ஏறினதுலேருந்து.”

அறைவாள் என்று நினைத்தேன். அறைந்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். அவள் உதடு மறுபடி வெளுத்தது. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். அவள் பட்டனைத் திரும்பிப் பார்த்தாள். சேற்றில் நின்ற என் பூட்ஸைப் பார்த்தாள்.

“இதைச் சரி பண்ண எப்ப ஆகும்?”

“அடிவரைக்கும் இளகணும். ஜூன் ஆயிடும்.”

மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

“அதுவரைக்கும் தினம் காலையில வந்து இங்க நில்லு” என்றாள். “நாளைக்கு வேற பூட்ஸ் போட்டுக்கிட்டு வா.”