டிக்கியில் ஒட்டிய முகம்

அம்மாவின் காரை எடுத்துக்கொள்ள டிரைவிங் ஸ்கூல்காரர் சம்மதித்தார். ஒரே ஒரு விஷயம்தான் அவருக்கு உறுத்தியது. "வண்டி நல்லா இருக்கும்மா. அந்த ஸ்டிக்கரை மட்டும் எடுத்துக் கொடுத்துடுங்க. கத்துக்க வர்றவங்க அதைப் பார்த்தா பயந்துடுவாங்க."

டிக்கியிலும் பின்கதவு இரண்டிலும் பம்பரிலும் ஒரே முகம். மேலே 'காணவில்லை' என்று பெரிய எழுத்து, கீழே தொலைபேசி எண். கல்லூரிக்குக் கிளம்பிய சின்னவன் வீடு திரும்பாமலே போனபோது அம்மா அச்சடித்து ஒட்டியது. இப்போது அம்மாவும் கண்ணை மூடிவிட்டாள். அவனுடைய அக்கா, அம்மாவின் பிள்ளைகளில் பெரியவள், வெந்நீர் வாளியோடு வாசலில் நின்றாள்.

"கத்தி வைக்காத, பெயின்ட்டோட வந்துடும்," என்று அவள் வீட்டுக்காரர் உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். ஹேர் டிரையரையும் காலாவதியான பஸ் பாஸையும் எடுத்துக் கொடுத்தவர் அவர்தான். "சூடு காட்டிக்கிட்டே ஓரத்துல நெம்பு. அவசரப்பட்டா துணுக்குத் துணுக்கா வந்து உயிரை வாங்கும்."

டிக்கியில் ஆரம்பித்தாள். மேலே இருந்தது, அம்மா படுத்த பிறகு மாற்ற ஆளில்லாமல், வெயிலில் வெளுத்து, கண் எது மூக்கு எது என்று தெரியாமல் போயிருந்தது. அது உரிந்ததும் அடியில் இன்னொன்று. அதற்கும் அடியில் இன்னொன்று. நடமாடிய வரை அம்மா எதையும் மங்க விட்டதில்லை. லேசாக நிறம் விட்டாலே மேலே புதிதாக ஒன்றை ஒட்டிவிடுவாள். பெரியவளுக்கு அது தெரியும். இத்தனை அடுக்கு என்பதுதான் தெரியாது. உரிக்க உரிக்க முகம் தெளிந்துகொண்டே வந்தது. முதலில் புருவம். அப்புறம் முன்பல் இடைவெளி. அடியில் வந்த ஒன்றில் சின்னவன் அவளைப் பார்த்துச் சிரித்தேவிட்டான். வெந்நீர் பட்ட கன்னம் உயிருள்ள கன்னம்போல் மினுங்கியது. பட்டப்பகலில், தெருவில் ஆள் நடமாட்டம் இருக்கும்போதே, அவளுக்கு முதுகு சில்லிட்டது. நெம்பிய கை அப்படியே நின்றது.

பக்கத்து வீட்டுக்குப் பார்சல் கொண்டு வந்தவர் அதைப் பார்த்துவிட்டு பைக்கை நிறுத்தினார்.

"ஏங்க, இந்தத் தம்பியை எனக்குத் தெரியுமே."

"எங்க பார்த்தீங்க?"

"பைபாஸ் பெட்ரோல் பங்க்ல. டயருக்குக் காத்தடிக்கிறாரு. காலையிலகூடப் பார்த்தேன். இதே சிரிப்பு."

"இது பழைய போட்டோங்க. இருந்தா இப்ப அவனுக்கு முப்பதைத் தாண்டியிருக்கும்."

அவர் குனிந்து இன்னொரு முறை பார்த்தார். "அப்படியா? நான் பார்த்த ஆளுக்கு இந்த வயசுதான்," என்றவர், சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டதுபோல் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

இப்படிச் சொன்னவர்கள் எத்தனையோ பேர். அம்மாவும் அவளும் போகாத பஸ் நிலையம் இல்லை, பார்க்காத ஆஸ்பத்திரி இல்லை. ஒவ்வொரு தடவையும் யாரோ ஒருவனாகத்தான் இருந்தான்.

"மறுபடியுமா?" என்று வாசலுக்கு வந்தார் வீட்டுக்காரர். "வேணாம். ஆறின புண்ணைக் கிளறாத."

"சும்மா பார்த்துட்டு வந்துடறேன்," என்று ஈரக் கையோடு சாவியை எடுத்தாள்.

வண்டி பங்க்கில் நுழைந்ததுமே ஓர் இளைஞன் காற்றுக் குழாயை இழுத்துக்கொண்டு ஓடி வந்தான். கழுத்தைச் சற்றே சாய்த்து, பல் இடைவெளி தெரியச் சிரித்தான். பெரியவள் இறங்காமல் அவனையே பார்த்தாள்.

"அம்மா வரலையா?" என்று கேட்டான்.

குரல் வேறு. அதைக் கேட்ட பிறகுதான் அவளுக்கு மூச்சே வந்தது. "எங்கம்மாவை உனக்குத் தெரியுமா?"

"தெரியாமலா? யாரோ சொல்லி என்னைத் தேடி வந்தாங்க. கையைப் பிடிச்சுக்கிட்டுப் பார்த்துட்டே இருந்தாங்க. 'நான் உங்க பையன் இல்லம்மா'ன்னேன். 'தெரியும்பா, நீ காத்து மட்டும் பாரு'ன்னாங்க. அப்புறம் அடிக்கடி வருவாங்க. காத்தெல்லாம் எப்பவும் சரியாத்தான் இருக்கும்."

அம்மா இதைப் பற்றி அவளிடம் மூச்சுக்கூட விட்டதில்லை.

இளைஞன் பின்பக்கம் போனான். "ஐயையோ, யாருக்கா இதைக் கிழிச்சது? நான் ஒட்டிக் கொடுத்ததாச்சே!"

"நீயா?"

"அம்மாவுக்குக் கை நடுங்கும். குமிழி விழாம நான்தான் ஒட்டுவேன். ஒட்டி முடிச்சதும் என்னைப் பக்கத்துல நிக்கச் சொல்லிப் பார்ப்பாங்க. 'உன் மூஞ்சிய நீயே ஒட்டறியாடா'ன்னு இங்க இருக்கறவங்க கேலி பண்ணுவாங்க. எனக்கும் ஒரு மாதிரியாத்தான் இருக்கும். மாட்டேன்னு சொல்ல வாய் வரல."

"அம்மா போயிட்டாங்க, தம்பி."

அவன் குழாயோடு குனிந்தான். நாலு டயரையும் சுற்றி வந்து காற்றுப் பார்த்தான். பிறகு, "மிச்சத்தை நான் எடுத்துக் கொடுக்கட்டுமா?" என்றான்.

அவள் தலையசைத்தாள். அவன் குனிந்து நகத்தால் ஓரத்தைக் கிளப்பினான். சின்னவன் முகத்தைச் சின்னவனே உட்கார்ந்து உரிப்பதுபோல் இருந்தது. பார்க்கவும் முடியாமல், பார்வையைத் திருப்பவும் முடியாமல் அவள் நின்றாள். கடைசி அடுக்கும் போனதும் அந்த இடத்துப் பெயின்ட் நேற்று வாங்கிய கார்போல் கருநீலமாகத் தெரிந்தது. சுற்றிலும் வெயில் தின்ற சாம்பல் நிறம். அவன் துணியால் அழுத்தித் தேய்த்தான்.

"கறை இல்லக்கா இது. போகாது."

டிரைவிங் ஸ்கூல்காரர் அந்தக் கருநீலக் கட்டங்களைப் பார்த்து முகத்தைச் சுளித்தாலும் வண்டியை ஓட்டிக்கொண்டு போனார். பெரியவள் வேலைக்குப் பஸ்ஸில் போக ஆரம்பித்தாள். பைபாஸ் வழி சுற்று. தெரிந்தும் அதிலேயே ஏறினாள். ஜன்னலோரம் உட்கார்ந்தால், டயர் பக்கம் குனிந்த ஒரு முதுகு தெரியும். அது போதுமாக இருந்தது.

ஒரு நாள் காற்றுக் குழாயை வேறு யாரோ பிடித்திருந்தார்கள். அடுத்தடுத்த நாட்களிலும் அப்படியே. அவள் இறங்கி நடந்து போய்க் கேட்டாள்.

"எந்தப் பையன்? பேரு என்ன?" என்றார் சூப்பர்வைசர்.

பேரைக் கேட்டுக்கொள்ளவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அடையாளம் சொல்லிப் பார்த்தாள்.

"ஓ, அவனா. வேலையை விட்டு நின்னுட்டான்மா. எங்க போனான்னு தெரியல. உங்களுக்குச் சொந்தமா?"

"இல்ல," என்று திரும்பி நடந்தாள்.

அதற்கப்புறம் வழியில் எந்தப் பங்க் வந்தாலும் அவள் தலையை நீட்டிப் பார்க்காமல் போனதில்லை. வீட்டுக்காரர் ஒரு முறை பொறுக்க மாட்டாமல், "யாரைத்தான் தேடற?" என்று கேட்டார்.

அவள் ஜன்னல் பக்கம் திரும்பினாள்; அடுத்த பங்க் வந்துகொண்டிருந்தது.