வெடி போட்டுப் பார்த்த காது

என் மகள் ரோஷினிக்குக் காதில் குறையில்லை என்று நாங்கள் வெடி போட்டுத்தான் முடிவு செய்தோம். சிரிக்காதீர்கள். அச்சங்குளத்தில் பட்டாசுக் கம்பெனி நடத்துகிற வீட்டில் வேறெப்படிப் பார்ப்பார்கள்? பத்து வருடமாகிறது. அந்தச் சத்தம் எனக்கு இன்னும் ஓயவில்லை.

ஒன்றரை வயதிலிருந்து மூன்று வயதுவரை அவளுக்குக் காதில் சீழ் வடிந்தது. காய்ச்சல் வரும், தலையணை நனையும், சொட்டு மருந்து விட்டால் நிற்கும். மறுமாதம் மறுபடி வரும். ஒருவழியாக நின்றபோது, கூப்பிட்டால் பிள்ளை திரும்பவில்லை. என் வீட்டுக்காரர் சீனிவாசகம் கம்பெனியிலிருந்து ஒரு லட்சுமி வெடியைக் கொண்டுவந்து அவள் முதுகுக்குப் பின்னால், தள்ளி நின்று கொளுத்தினார். பிள்ளைக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"பாத்தியா சொர்ணம்? பாம்புக்காது உம்மவளுக்கு. நீயா எதையாச்சும் நெனச்சுப் பயப்படாத."

நானும் நிம்மதியாகிவிட்டேன், மடச்சி!

அதற்குப் பிறகு அவள் கேட்காததெல்லாம் திமிர் என்றானது. நான்கு தடவை மெதுவாகச் சொல்வேன். ஐந்தாவது தடவை என் சத்தம் தெருமுனைவரை போகும். சில நாள் கையும் நீண்டிருக்கிறது. பள்ளிக்கூடத்திலும் அதே புகார்தான்: கவனமில்லை, ஒன்று கேட்டால் வேறொன்று சொல்கிறாள். "ஹாஸ்டல்ல போட்டாத்தான் அடங்குவா" என்று, அவளுக்கு ஒன்பது வயதானபோது, அவர் ஃபாரமே வாங்கி வந்துவிட்டார்.

அதற்கு டாக்டர் சான்று வேண்டுமென்று மதுரைக்குக் கூட்டிப்போனேன். காதைப் பார்த்த டாக்டரம்மா டெஸ்ட் எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"ரெண்டு செவிப்பறையும் தழும்பா இருக்கும்மா. வெடிச் சத்தத்துக்குத் திடுக்கிடுறது வேற, பேச்சைக் கேட்டுப் புரிஞ்சுக்கிறது வேற. பேச்சுப் பழகுற வயசுல இவளுக்குப் பாதி போய்ச் சேரல. இப்பவும் மெதுவாப் பேசுனாலோ, நாலு பேர் சேந்து பேசுனாலோ வார்த்தை பிடிபடாது. மெஷின் வெச்சா நல்லாக் கேக்கும்."

ஆஸ்பத்திரி வாசலிலேயே அந்த ஃபாரத்தைக் கிழித்துப் போட்டேன். அவள் பயந்துபோய்ப் பார்த்தாள். மரத்தடியில் உட்காரவைத்து, அவள் முகத்துக்கு நேராகக் கேட்டேன்.

"ஏன் தாயி, கேக்கலன்னு ஒரு வார்த்த எங்கிட்டச் சொல்லக்கூடாதா?"

"நீ கத்தும்போது கேக்குமே. அதுக்குத்தான் வேணும்னே ஏதாச்சும் செய்வேன்."

"நாந்தான் மொதல்ல மெதுவாச் சொல்வேனே தாயி?"



"மெதுவாப் பேசுறதெல்லாம் எனக்கில்லன்னு நெனச்சுக்கிட்டேம்மா."