முதல் ஜோடி

"இருவர் இருவரா நில்லுங்க. கைப்பை இடது கையில. வலது கை ஜோடிக்கு," என்று டிஸ்டேல் குரலை உயர்த்தாமல் சொன்னார்.

கறுப்பின மக்களின் அந்தச் சபையின் முன்படிகளில் குடும்பம் வரிசையாகிக்கொண்டிருந்தது. செப்டம்பர் மாதம் என்று பேர்தான்; பதினோரு மணிக்கே கைப்பிடிக் கம்பி சுட்டது. அடக்க நிலையம் நடத்தும் டிஸ்டேல் நாற்பது வருடமாக இதே படியில் நின்று இதையே சொல்லிக்கொண்டிருக்கிறார். அவர் கையில் இறுதிச் சடங்குக்காக அச்சடித்த நினைவு மலர் இருந்தது. அதன் கடைசிப் பக்கத்தில், 'பிரிந்து வாடுவோர்' என்ற தலைப்பின் கீழ் உள்ள வரிசைப்படிதான் அவர் பெயர்களைக் கூப்பிடுவார். அதே வரிசையில்தான் குடும்பம் உள்ளே நடந்துபோய் முன் இருக்கைகளில் உட்காரும். பெயர் இல்லாதவர்கள் முன்னாலேயே உள்ளே போய் எங்காவது உட்கார்ந்துகொள்ள வேண்டும்.

முதல் பெயர் வெர்டெல் சம்டர். இறந்துபோன எர்வின் ப்ராட்டனின் ஒரே அக்கா. அவளுடைய ஜோடியாகப் பெரியப்பா மகன் லொரென்சோ நின்றான்.

"எர்வின் மட்டும் இதைப் பார்த்தா பெட்டியிலிருந்து எழுந்து உட்கார்ந்து, கூட்டத்துல எழுப்பற மாதிரி 'ஒழுங்குப் பிரச்சினை'ன்னு கை தூக்குவான்," என்றான் லொரென்சோ. "வரிசை கோணலா இருக்கு."

"சும்மா இரு."

"நான் சும்மாதான் இருக்கேன். ஷூதான் கடிக்குது."

அந்த மலரை வெர்டெல்தான் எழுதினாள். எர்வின் திங்கட்கிழமை இறந்தான். பக்கவாதம், ஒன்பது நாள் ஆஸ்பத்திரி. புதன்கிழமை மதியத்துக்குள் அச்சகத்துக்குப் போக வேண்டும் என்று டிஸ்டேல் சொல்லியிருந்தார். அவள் சமையலறை மேசையில் உட்கார்ந்து எழுதினாள். பிறந்த ஊர், ராணுவத்தில் நான்கு வருடம், மூன்று வேன்கள் வைத்து நடத்திய ஏசி கம்பெனி, ஆண்கள் பாடகர் குழுவில் அடிக்குரல். இரண்டு விஷயங்களை விட்டுவிட்டாள். ஒன்று, அவன் ஒன்பது வருடம் மாவட்டக் குடியரசுக் கட்சியின் துணைத் தலைவராக இருந்தது. இன்னொன்று, பதினெட்டு வருடம் லின்வுட் மேய்ஸ் என்ற ஆணோடு ஒரே வீட்டில் வாழ்ந்தது. இரண்டையும் எடுத்த பிறகும் ஒரு பக்கம் நிறைந்திருந்தது. அதனால் அவளுக்குப் பெரிய உறுத்தல் இல்லை.

லின்வுட் பெயரை முதலில் எழுதத்தான் செய்தாள். 'தனி நண்பர் லின்வுட் மேய்ஸ்' என்று, தன் பிள்ளைகளுக்கும் சித்தப்பா வழியினருக்கும் கீழே, கடைசியில். கல்யாணம் ஆகாத துணையை அந்தச் சபையில் அப்படித்தான் சொல்வார்கள்; எல்லோருக்கும் அது தெரியும். மூப்பர் பர்விஸ் இறந்தபோது, முப்பது வருடம் வெள்ளிக்கிழமைதோறும் அவருக்கு மீன் வறுத்துக் கொடுத்த பெண்மணியும் அப்படித்தான் அச்சாகியிருந்தாள். யாரும் எதுவும் கேட்கவில்லை. ஆனாலும் வெர்டெல் அதை அடித்துவிட்டாள். எர்வின் ஒருமுறை அவளுடைய மேசையில் சாப்பிட்டுக்கொண்டே, கல்யாணம் என்றால் ஆணும் பெண்ணும்தான், என் வசதிக்காக அதை மாற்றச் சொல்லிக் கேட்கமாட்டேன் என்று சொன்னான். பக்கத்தில் லின்வுட் சோளரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். அவன் வாயாலேயே சொன்னது, நான் யார் மாற்ற என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

இப்போது லின்வுட் முற்றத்தின் மறுபக்கம் பீக்கன் மரத்தடியில் தன் காருக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். கறுப்பு சூட். தொப்பி கையில்.

படியருகில் இரண்டு வெள்ளைக்காரர்கள் வந்தார்கள். முன்னால் வந்தவர் ஹாஸ்கெல் காடில், மாவட்டக் கட்சித் தலைவர். எழுபது வயதிருக்கும். சட்டமிட்ட தாள் ஒன்றை மார்போடு அணைத்திருந்தார்.

"மிஸஸ் சம்டர், எங்க செயற்குழு எர்வினுக்காக ஒரு இரங்கல் தீர்மானம் போட்டிருக்கு. ரெண்டு நிமிஷம் வாசிக்க அனுமதிச்சா போதும். போதகர் வாசிக்க விடாம, 'பெற்றுக்கொண்டோம்'னு மட்டும் அறிவிச்சு மேசையில வெச்சுடறேன்னு சொல்றார்."

"அவர் சொன்னா சரிதான்," என்றாள் வெர்டெல். அந்த மாவட்டத்தில் எதிர்க்கட்சிக்காக இருபத்தாறு வருடம் வீடு வீடாகக் கதவு தட்டியவள் அவள். தம்பியோடு அவள் பேசிய பாதிப் பேச்சு அதைப் பற்றித்தான். அவங்க உன்னை போட்டோவுக்கு வெச்சிருக்காங்கடா என்பாள். உங்க ஆளுங்க என் ஓட்டை முன்னாலேயே எண்ணி முடிச்சிட்டுத்தான் என் வாசலுக்கு வர்றாங்க, இவங்களாவது கேட்கிறாங்க என்பான்.

காடில் போகவில்லை. குரலைத் தாழ்த்தினார். "இன்னொண்ணு. எங்ககூட வந்து உள்ள உட்கார்ந்திருக்கறவங்க கொஞ்சம் பழைய ஆளுங்க. எர்வினோட வீட்டு விஷயம்... அதை மேடையில யாரும் பேசாம இருந்தா நல்லது."

"உங்களுக்கு அவன்கிட்ட எது வேணுமோ அதை மட்டும் வெட்டி எடுத்துக்கிட்டுப் போகப் பார்க்கிறீங்க," என்றாள் வெர்டெல். சொல்லி முடித்ததும், தானும் புதன்கிழமை பேனாவால் அதையே செய்தது ஞாபகம் வந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

காடிலின் கழுத்து சிவந்தது. "என் மனைவி போனப்போ மூணு நாள் எங்க வீட்டு ஏசியைச் சரிபண்றேன்னு வந்து உட்கார்ந்திருந்தான், மேடம். ஏசி நல்லாத்தான் ஓடிட்டிருந்துச்சு. எனக்கு அது தெரியும்ங்கிறது அவனுக்கும் தெரியும்." அவர் இரண்டு படி இறங்கிப்போய் நின்றார்.

வெர்டெல் வரிசையை விட்டு முற்றத்தைக் கடந்தாள். பின்னால் டிஸ்டேல் கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஏன் இங்க நிக்கிறே? உள்ள போய் உட்கார வேண்டியதுதானே."

"போறேன், மிஸ் வெர்டெல். கடைசி வரிசையில இடம் பிடிச்சு வெச்சிருக்கேன். பதினெட்டு வருஷமா அவன் கூட்டம் எல்லாத்துலயும் கடைசி வரிசைதான். முதுகு அதுக்குப் பழகிடுச்சு."

"நீ அவங்க கூட்டத்துக்கெல்லாம் போவியா?"

"வண்டி ஓட்ட ஆள் வேணுமே. அவனுக்கு இருட்டினா கண்ணு சரியாத் தெரியாது. ஓட்டு போடறதுக்கும் ஒரே கார்லதான் போவோம். ஆளுக்கொரு கட்சி; அவன் ஓட்டை நான் அழிப்பேன், என் ஓட்டை அவன் அழிப்பான். அப்புறம் போய் அப்பமும் பன்றிக்கறியும் சாப்பிடுவோம்." லின்வுட் தொப்பியைத் திருப்பினார். "ஒண்ணு கேட்கணும். அந்த மனுஷனை வாசிக்க விடுங்க."

"அந்தத் தாளையா? உனக்கு அது எதுக்கு?"

"எனக்கு இல்ல. அது அவன் உழைச்சு வாங்கினது. அந்தக் கட்சிக் கூட்டத்துக்குள்ள அவன் நுழையறப்போ பாதிப் பேருக்கு அவன் நிறம் பிடிக்காது, மீதிப் பேருக்கு நான் கடைசி வரிசையில உட்கார்ந்திருக்கறது பிடிக்காது. இங்க வந்தா அவன் கட்சி யாருக்கும் பிடிக்காது. ஆனாலும் ரெண்டு இடத்துக்கும் வாராவாரம் போனான். நீங்க எழுதினதைப் படிச்சேன். பாட்டு பாடினான், ஏசி மாட்டினான். யாரோ நல்ல மனுஷன் மாதிரி இருக்கு. அவன் அவ்வளவு நல்லவன் இல்ல. காலையில காபி ஆறுறதுக்குள்ள என்கூட ரெண்டு சண்டை முடிச்சிருப்பான்."

வெர்டெலுக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. வரவில்லை.

"உன் பேரும் அதுல இல்ல," என்றாள்.

"பார்த்தேன்."

"எழுதினேன். அப்புறம் அடிச்சிட்டேன்."

"தெரியும். ஆஸ்பத்திரியில ஒன்பது நாள் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில உட்கார்ந்திருந்தோம். புதன்கிழமைக்கு அப்புறம் நீங்க போனை எடுக்கல."

"அவனே சொன்னான், லின்வுட். என் மேசையில. கல்யாணம்னா..."

"சொன்னான். சொல்லிட்டு வீட்டுக்கு வந்து எல்லாப் பாத்திரத்தையும் கழுவினான். அழுக்கில்லாததையும் எடுத்துக் கழுவினான். தப்பா ஏதாவது சொல்லிட்டா அப்படித்தான். வாயால மன்னிப்பு கேட்க அவனுக்கு வராது."

உள்ளே ஆர்கன் ஆரம்பித்துவிட்டது. சமையல்கூடத்துப் பக்கமிருந்து கோழி பொரியும் வாசனை வந்தது. வெர்டெல் கைப்பையை இடது கைக்கு மாற்றினாள்.

"வா."

"எங்க?"

"வரிசைக்கு."

"மிஸ் வெர்டெல், பட்டியல்ல..."

"வான்னு சொல்றேன்ல."

டிஸ்டேல் அவர்கள் இருவரும் வருவதைப் பார்த்து மலரை மூக்குக்கண்ணாடிக்கு நேராகத் தூக்கினார். "சிஸ்டர், நான் அச்சில இருக்கறபடிதான் கூப்பிடுவேன். அதனாலதான் இத்தனை வருஷமா எந்தக் குடும்பமும் என் மேல கோபப்பட்டதில்ல."

வெர்டெல் அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தாள். அவர் கையிலிருந்த பிரதியில், தன் பெயருக்கு மேலே, லின்வுட் மேய்ஸ் என்று எழுதினாள்.

டிஸ்டேல் படித்தார். "உறவு என்னன்னு போடலையே."

"நீங்க உறவு சொல்லியா கூப்பிடறீங்க?"

"இல்ல."

"அப்ப பேர் போதும்."

"நான்?" என்றான் லொரென்சோ.

"பின்னாடி போ. ஜோடி இல்லாம நிக்கற எஸ்ஸிகூட நில்லு."

"முதல் ஜோடின்னு சொல்லி ரெண்டு தடவை பாலிஷ் போட வெச்சிட்டு," என்று முணுமுணுத்துக்கொண்டே அவன் பின்னால் போனான். போகிறபோது லின்வுட்டின் தோளில் ஒரு தட்டு தட்டினான்.

வெர்டெல் காடிலைக் கூப்பிட்டாள். "வாசிங்க. ஆனா கடைசி வரியில அனுதாபம் யாருக்குன்னு இருக்கு? என் பேர் மட்டும்தானே? இவர் பேரையும் சேர்த்துக்கோங்க."

காடில் லின்வுட்டைப் பார்த்தார். கடைசி வரிசையில் பதினெட்டு வருடம் பார்த்த முகம்தான். "முடியாது, மேடம். செயற்குழு ஓட்டுப் போட்டு நிறைவேத்தின வாசகம். ஒரு எழுத்துகூட மாத்த எனக்கு அதிகாரம் இல்ல. எர்வின் இருந்தா அவனே விடமாட்டான்."

"அது உண்மை," என்றார் லின்வுட்.

"அப்ப எழுதியிருக்கறதை வாசிங்க," என்றாள் வெர்டெல்.

கதவருகே போதகர் அங்கியோடு நின்றிருந்தார். எல்லாம் அவர் காதில் விழுந்திருந்தது. "சிஸ்டர் வெர்டெல், இது ஆண்டவரோட வீடு. இங்க அரசியல்..."

"போன அக்டோபர்ல அந்த மேடையில யார் ஓட்டுக் கேட்டுப் பேசினாங்கன்னு எனக்கு நல்லாத் தெரியும், போதகரே. காரில கூட்டிட்டு வந்தது நான்தான்."

போதகர் ஒதுங்கினார். பிறகு கதவை முழுதாகத் திறந்தார்.

"லின்வுட் மேய்ஸ்," என்று டிஸ்டேல் கூப்பிட்டார். எப்போதும் கூப்பிடுகிற அதே குரல். "வெர்டெல் ப்ராட்டன் சம்டர்."

சபை எழுந்து நின்றது. நடைவழி நீளமாக இருந்தது. இரண்டு பக்கமும் அட்டை விசிறிகள் ஆடிக்கொண்டிருந்தன. அவர்கள் கடக்கும்போது ஒவ்வொரு வரிசையிலும் நின்று, கடந்ததும் மறுபடி ஆடின.  பெட்டி அருகில் லின்வுட் நின்றார். எர்வினின் கழுத்துப்பட்டை இடப்பக்கம் சாய்ந்திருந்தது. லின்வுட் குனிந்து ஒரு விரலால் அதை நேராக்கினார். பிறகு இருவரும் முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். வெள்ளுடுப்பில் இருந்த பணிவிடைக்காரி ஓசெல்லா, எண்பது வயது, லின்வுட்டை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு கையுறை போட்ட கையால் ஒரு விசிறியை அவரிடம் நீட்டினாள்.

பாட்டு, ஜெபம், வேதவாசிப்பு. பெட்டியை மூடினார்கள். காடில் மேடை ஏறினார்.

"எர்வின் ப்ராட்டன் ஒன்பது ஆண்டுகள் இம்மாவட்டக் குடியரசுக் கட்சியின் துணைத் தலைவராகப் பணியாற்றியமையால்," என்று வாசித்தார்.

யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

அந்தச் சபையில் சத்தமே இல்லாமல் போவது மிக அபூர்வம். வானிலை அறிவிப்புக்குக்கூட யாராவது பதில் சொல்வார்கள். பேசுகிறவர் ஒரு வரி சொன்னால் கீழேயிருந்து ஒரு குரல் அதைத் தாங்கிப் பிடிக்கும். தாங்காமல் விட்டால் அதற்கு என்ன அர்த்தம் என்று குழந்தைகளுக்கும் தெரியும். காடிலுக்குத் தெரியாது. மரியாதையாகக் கேட்கிறார்கள் என்று நினைத்து அடுத்த வரிக்குப் போனார்.

"சிறு தொழில் உரிமையாளர்களின் வரிச்சுமை குறித்த துணைக்குழுவைத் திறம்பட வழிநடத்தியமையால்..."

விசிறிகளும் நின்றுவிட்டன. லின்வுட் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமென்," என்றாள் வெர்டெல்.

காடில் நிறுத்திவிட்டார். ஏதோ தப்பாக வாசித்துவிட்டது போல நிமிர்ந்து பார்த்தார்.

"படிங்க, ஐயா, படிங்க," என்றான் பின்வரிசையிலிருந்து லொரென்சோ.

அவர் விரலால் வரியைத் தேடிப் பிடித்தார். "கட்சியின் கொள்கை அறிக்கையில் தமக்கு உடன்பாடில்லாத பகுதியை எதிர்த்துத் தனி ஒருவராக எழுந்து பேசியமையால்..."

"ம்ம்ம்," என்றாள் ஓசெல்லா சுவரோரத்திலிருந்து. "சொல்லுங்க."

"தோற்ற பிறகும் நாற்காலிகளை அடுக்கி வைக்க உதவியமையால்..."

இதற்கு யாரோ சிரித்தார்கள். "அது எர்வின்தான்," என்றது ஒரு குரல். "ஆமென்." "ஆமென், ஆமென்." குடும்பத்தில் ஒருத்தி தனியாகக் குரல் கொடுத்துக்கொண்டிருக்கும்போது சபை எவ்வளவு நேரம் வாயை மூடிக்கொண்டிருக்க முடியும். காடில் ஒவ்வொரு ஆமெனுக்கும் நின்று நின்று வாசித்தார். இரண்டு நிமிடத் தாள் ஏழு நிமிடம் ஆனது.

"...அவருடைய சகோதரி திருமதி வெர்டெல் சம்டருக்குத் தன் ஆழ்ந்த அனுதாபத்தைத் தெரிவித்துக்கொள்கிறது."

தாள் அவ்வளவுதான். தீர்மானத்தை வாசித்தவர் இறங்கி வந்து அதைக் குடும்பத்தின் கையில் கொடுக்க வேண்டும். காடில் வந்தார். முன்வரிசையின் எதிரே நின்று, சட்டத்தை வெர்டெலிடம் நீட்டினார்.

வெர்டெலின் இரண்டு கைகளும் மடியில் கைப்பையின் மேல் இருந்தன. அவள் அவற்றை எடுக்கவில்லை. பெட்டியின் மேலிருந்த வெள்ளைப் பூக்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

காடில் காத்திருந்தார். ஆர்கன் வாசிக்கிறவர் என்ன செய்வதென்று தெரியாமல் இரண்டு கட்டைகளை மெதுவாக அழுத்திப் பிடித்திருந்தார். மேடையில் போதகர் கால் மாற்றி உட்கார்ந்தார்.

பிறகு சட்டம் நகர்ந்தது. ஒரு முழம்கூட இருக்காது, இடப்பக்கமாக, லின்வுட்டை நோக்கி.

லின்வுட் எழுந்து நின்று இரண்டு கையாலும் அதை வாங்கிக்கொண்டார். உட்கார்ந்து மடியில் நிமிர்த்தி வைத்தார். சட்டத்தின் கண்ணாடியில் கூரை மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.