நீயே படிச்சுச் சொல்லும்மா

...படத்தைக் கையால் மறைத்துவிட்டு எழுத்தை மட்டும் காட்டுங்கள் என்று பயிற்சியில் சொன்னபோது என்ன எரிச்சல் வந்தது, இருபத்தெட்டு வருஷம் பாடம் நடத்தியவளுக்கு நேற்று வந்தவர்கள் பாடம் எடுப்பதா என்று. இப்போது அவளே மறைக்கிறாள், உள்ளங்கைக்குக் கீழே பசு காணாமல் போகிறது, எதிரே உட்கார்ந்திருக்கும் இரண்டாம் வகுப்பு வாயாடியின் வாயும் அதோடு அடைத்துக்கொள்கிறது. இவ்வளவு நேரம் கடகடவென்று ஒப்பித்தவள்தானே... புத்தகம் முழுக்க மனப்பாடம், இரண்டு தாளைச் சேர்த்துத் திருப்பினாலும் விட்டுப்போன பக்கத்தையே படித்துக்கொண்டு போகிறாள், கெட்டிக்காரிதான். சரி, அட்டையை எடுப்போம். சமு, தெபி, லோகை, அர்த்தமே இல்லாத சொற்கள், ஒலியோடு ஒலி சேர்க்கத் தெரிந்தால்தான் வாயில் வரும், ஊகத்தின் பருப்பு இங்கே வேகாது. "படம் எங்க டீச்சர்?" என்கிறாள் வாயாடி. கூரையைப் பார்க்கிறாள், தொண்டையைச் செருமுகிறாள், பிறகு பெரிய மனுஷி மாதிரி அட்டையை இவள் பக்கம் தள்ளி, "நீங்களே படிச்சுச் சொல்லுங்க டீச்சர், நீங்க சொன்னா நல்லா இருக்கும்."

எங்கே கேட்டோம் இதை... மகன். ஆஸ்பத்திரி படிவம், ஓட்டலில் நீட்டிய விலைப்பட்டியல், சொந்தக் கல்யாணப் பத்திரிகைகூட, "நீயே படிச்சுச் சொல்லும்மா, நீ சொன்னாத்தான் நல்லா இருக்கு." பாசம் என்று உருகிப்போவாளே, பைத்தியக்காரி. ஐந்து வயதில் விருந்தாளிகள் முன்னால் முழுப் புத்தகத்தையும் அவன் "படித்தபோது" தலைகால் புரியவில்லை அவளுக்கு, படத்தைப் பார், யோசி, சொல் என்று கற்றுக்கொடுத்தது அவள்தானே, அன்று ஒரே ஒரு தடவை கையை வைத்து மறைத்துப் பார்த்திருந்தால்... பார்க்கவில்லை. பிறகு மதிப்பெண் குறைந்தது, சோம்பேறி என்று திட்டினாள், பத்து வருஷம் திட்டினாள். ஏசி பழுது பார்க்கப் போனான், கம்பியின் நிறம் பார்த்தால் போதும், எழுத்து எதற்கு. ஏழு மாதம் முன்பு, ஏதோ ரசீதைத் தப்பாக வாங்கி வந்ததற்கு, மருமகள் நிற்கிறாள் என்றுகூடப் பாராமல், "மக்கு" என்றாள். அன்று போனவன்தான். இந்தப் பக்கம் வரவும் இல்லை, போனில் பேசவும் இல்லை.

"ச்... அ... ச. நீ சொல்லும்மா." "ச." "ம்... உ?" "மு." "சேத்து?" நெற்றி சுருங்குகிறது, உதடு அசைகிறது, "சமு". "சமுன்னா என்ன டீச்சர்?" "ஒண்ணும் இல்லம்மா, சும்மா ஒரு வார்த்தை." வாயாடி சிரிக்கிறாள், யாரும் சொல்லித்தராத ஒன்றைத் தானே படித்துவிட்ட சிரிப்பு, விரல் அடுத்த சொல்லுக்குப் போய்விட்டது. எவ்வளவு நேரம் ஆனது, ஒரு நிமிஷமா? அந்த ஒரு நிமிஷத்தை அவனுக்குக் கொடுக்கவில்லையே. இந்தக் குட்டி நாற்காலியில், கால் தரைக்கு எட்டாமல், மறுபடியும் அந்த ஐந்து வயதுக்காரனாக அவன் ஒரு காலை நேரம் வந்து உட்கார்ந்தால் போதும், வேறொன்றும் வேண்டாம் அவளுக்கு. வாயாடியை வகுப்புக்கு அனுப்பிவிட்டுப் போனை எடுக்கிறாள். மன்னித்துவிடு என்று, அவன் கோபித்துக்கொண்டு போன அன்று இரவே எழுதியது இருக்கிறது, மூன்று திரை நிறைய, பார்த்ததற்கு அடையாளமாக நீலக் கோடும் இருக்கிறது. கல்நெஞ்சன், பார்த்துவிட்டுச் சும்மா இருக்கிறான் என்றல்லவா நினைத்திருந்தாள்... மனைவியிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லியிருப்பானா? மாட்டான், அவளிடம்தானே முதலில் மறைப்பான். குரலில் அனுப்பிவிடலாம், பத்து நொடி போதும், ஆனால் அனுப்பினால் அம்மா கண்டுபிடித்துவிட்டாள் என்று தெரிந்துவிடுமே, தாங்குவானா? கட்டைவிரல் திரையைத் தள்ளிக்கொண்டே போகிறது, அதற்குப் பிறகும் வாராவாரம் அவள் எழுதியவை, இரண்டு திரை, நான்கு திரை, எல்லாம் கெஞ்சல். மக்கு என்று சொன்ன வாயிடமிருந்து வாரம் தவறாமல் வந்து விழும் இத்தனை எழுத்து... அம்மா இன்னும் திட்டி முடிக்கவில்லை என்றுதானே அவன் நினைத்துக்கொண்டிருப்பான்?