முதல் லோடு

லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் மாதத்துக்கு ஒரு நாள்தான் அமைதி. அமாவாசையன்று ஆசாரிகள் உளியைத் தொடமாட்டார்கள். மற்ற நாளெல்லாம் ரம்பம், சுத்தியல், வெல்டிங் என்று காது கிழியும். நாமக்கல்லில் திருச்செங்கோடு ரோட்டின் மேல் பட்டறை வைத்திருந்த சின்னண்ணனின் மகள் வசந்தாமணி இதையெல்லாம் யோசித்துத்தான் எண்பத்தாறாம் வருஷத்துத் தை அமாவாசையைத் தேர்ந்தெடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை வேறு. அப்பா விடிவதற்கு முன்பே பவானிக் கூடுதுறைக்குத் திதி கொடுக்கக் கிளம்பிவிடுவார், திரும்பப் பொழுது சாய்ந்துவிடும். அம்மா சென்னியம்மாளுக்கு அன்றைக்கு அடுப்படியை விட்டு நகர நேரமிருக்காது. பட்டறைச் சாவி மகளிடம். ஒரு முழுப் பகல், எட்டுப் பாட்டு, கேசட் முடிந்தது என்று அவள் நினைத்தாள். ஆனைக்கும் அடி சறுக்கும் என்பது அவளுக்கு அப்போது ஞாபகம் வரவில்லை.

அவள் பாடுவது கச்சேரிப் பாட்டும் இல்லை, சினிமாப் பாட்டும் இல்லை. ஏற்காட்டுக் கான்வென்ட் விடுதியில் இருந்தபோது கிதார் பழகினாள். அதுவும் கரண்டில் உறுமுகிற கிதார். ஒரு பாட்டும் மூன்று நிமிஷத்தைத் தாண்டாது. எடுத்த எடுப்பில் டிரம் இடிக்கும், கிதார் கத்தும், அதற்கு மேல் ஏறி அவள் குரல் வரும். ஆனாலும் ஒரு தரம் கேட்டவன் மறுநாள் பல் விளக்கும்போது அந்த மெட்டை முனகிக்கொண்டிருப்பான். சொல்லும் மெட்டும் அவளே கட்டியவை. இப்படி ராக் பாட்டு எழுதித் தானே பாடும் இன்னொருத்தியைச் சேலம் ஜில்லா முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும் அன்றைக்குக் கிடைத்திருக்கமாட்டாள்.

டிரம் அடித்தவன் காளியப்பன். பட்டறையில் தகரம் தட்டுகிற டிங்கர் வேலை, கல்யாண சீசனில் சேலத்து ஆர்கெஸ்ட்ராவில் டிரம். இரண்டும் ஒரே வேலைதான், ஒன்றுக்குத்தான் கை தட்டுகிறார்கள் என்று சொல்வான். பதிவு செய்ய வந்தவர் வேலுசாமி. அயோத்தியாப்பட்டணத்துக்காரர், பெங்களூரில் ஒரு விளம்பரக் கம்பெனியில் சவுண்டு வேலை. அங்கிருந்த நாலு டிராக் டேப் மெஷினை முதலாளிக்குத் தெரியாமல் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்திருந்தார். திங்கள் காலை எட்டு மணிக்கு அது பழைய இடத்தில் இருக்கவேண்டும், இல்லாவிட்டால் அவர் வேலை போய்விடும். கேசட் போட ஒப்புக்கொண்ட பெங்களூர்க்காரரும் கறாராகச் சொல்லிவிட்டார்: பக்கத்துக்கு நாலு, ஆக எட்டு, திங்கட்கிழமை கையில் வரவேண்டும். ஏழு பாட்டுக்குக் கேசட் கிடையாது.

அன்றிரவே வேலுசாமியோடு டேப்பை எடுத்துக்கொண்டு அவளும் போவதாக இருந்தாள். பெங்களூரில் விடுதித் தோழி சாலம்மாள் தன் வீட்டில் இடம் வைத்திருந்தாள். அப்பாவிடம் சொல்லவில்லை. சொல்லவேண்டியதையெல்லாம் எட்டாவது பாட்டில் வைத்திருந்தாள். கேசட் வந்தபிறகு அவர் கேட்டுக்கொள்ளட்டும், அதற்குள் எட்டாத தூரம் போய்விடலாம் என்று கணக்கு. கோழைத்தனம்தான். அது அவளுக்கும் தெரியும்.

பட்டறைக் கொட்டகைக்குத் தகரக் கூரை. பாடினால் சத்தம் நாலு பக்கமும் முட்டித் திரும்பியது. வேலுசாமி சுற்றிப் பார்த்துவிட்டு, வேலை முடிந்து நின்ற ஒரு புது லாரியைக் காட்டினார். பலகை அடித்து, பச்சை வர்ணம் காய்ந்து, மணமாக நின்றது அது. மேலே தார்ப்பாயை இழுத்துக் கட்டி, உள்ளே மெத்தைகளைச் சாத்தி, டிரம்மையும் மைக்கையும் ஏற்றினார்கள். மெஷின் ஆபீஸ் அறையில், ஜன்னல் வழியாக வயர். புதுப் பலகைக்குள் பாட்டு கட்டி வைத்ததுபோல் கச்சிதமாக விழுந்தது. காலையில் இரண்டு மணி நேரம் கரண்ட் போய் உயிரை வாங்கியது. மூன்றரை மணிக்கு ஏழு பாட்டு முடிந்திருந்தது.

அப்போதுதான் கேட்டில் பேண்டு வாத்தியம் கேட்டது.

ஓமலூர் வெள்ளியங்கிரி வந்திருந்தார். லாரி முதலாளி, அப்பாவுக்குத் தூரத்து மச்சான். பின்னாலேயே இரண்டு வேனில் சொந்தபந்தம், பேண்டு செட், பூசணிக்காய், எலுமிச்சை. புது வண்டி பட்டறையை விட்டு வெறுமனே போகக்கூடாது என்று முதல் லோடாக ஒரு மூட்டை உப்பும் ஒரு மூட்டை மஞ்சளும். சறுக்கிய இடம் இதுதான். அமாவாசையென்றால் ஆசாரிக்கு லீவு என்பதை நினைத்தவள், அமாவாசையென்றால் வண்டி எடுக்கிற நாள் என்பதை மறந்துவிட்டாள். லாரிக்காரர் வீட்டில் பிறந்து, லாரி நிழலில் வளர்ந்தவள் மறக்கிற விஷயமா இது! அன்றைக்கு வண்டி கொடுப்பதாக அப்பா வாக்குக் கொடுத்திருந்தார். மகளிடம் சொல்லவில்லை. வண்டி சமாசாரத்தைப் பெண்ணிடம் சொல்லும் வழக்கம் அவருக்கு இல்லை.

அவள் முதலில் செய்த காரியம், ஆபீஸ் ஆணியில் தொங்கிய வண்டிச் சாவியை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டது.

வெள்ளியங்கிரி தார்ப்பாயைத் தூக்கி உள்ளே பார்த்தார். டிரம், மெத்தை, வயர், வியர்த்து உட்கார்ந்திருந்த காளியப்பன்.

"ஏனம்மிணி, பூசை போடாத வண்டிக்குள்ள என்ன கூத்து இது?"

அரை மணி நேரம் பொறுக்கும்படி அவள் கேட்டாள். மூன்றரையிலிருந்து நாலரை வரைதான் நல்ல நேரம், நாலரைக்கு ராகுகாலம் பிறந்துவிடும், அதற்குள் வண்டி கேட்டைத் தாண்டாவிட்டால் அடுத்த அமாவாசைதான் என்றார் அவர். மாலை கட்டவும் பொட்டு வைக்கவும் ஆளை ஏவிவிட்டு, அவள் அப்பன் எப்போது வருவான் என்று கேட்டார். தெரியாது என்று சொல்லிவிட்டு உள்ளே ஏறினாள். பாட்டைத் தொடங்கினாள். இரண்டாவது அடியிலேயே பேண்டுக்காரன் கிளாரினெட்டை எடுத்துவிட்டான். ஆபீஸ் ஜன்னலில் வேலுசாமி கையை ஆட்டினார். டேப்பைப் பின்னால் ஓட்டி மறுபடி தொடங்கினார்கள். இந்தத் தடவை பாதிப் பாட்டில் வெள்ளியங்கிரியின் டிரைவர் முன்னால் ஏறி ஹாரனை அழுத்திப் பார்த்தான். காளியப்பன் குச்சியைக் கீழே எறிந்தான்.

மணி நாலு. ஏழு பாட்டோடு பெங்களூர் போனால் போகாததற்குச் சமம். இந்த மெஷின் இனி ஒருநாளும் நாமக்கல் பக்கம் வராது. வசந்தாமணி தார்ப்பாயை முழுக்கத் தூக்கிக் கட்டிவிட்டு, எல்லாருக்கும் தெரியும்படி வண்டியின் பின்கதவு ஓரத்தில் வந்து நின்றாள்.

"மாமா, உங்களுக்கு நாலரைக்குள்ள வண்டி வேணும். எனக்கு மூணு நிமிசம் சத்தமில்லாம வேணும். சாவி என்றகிட்ட இருக்குதுங்க."

கூட்டத்தில் ஒரு கிழவி கன்னத்தில் கை வைத்தாள். வெள்ளியங்கிரிக்கு முகம் சிவந்துவிட்டது. பெண்பிள்ளை என்று பார்க்கிறேன் என்றார். சின்னண்ணன் வரட்டும், உன் தோலை உரிக்கச் சொல்கிறேன் என்றார். வரட்டுங்க என்றாள். பவானி பஸ் அந்நேரத்துக்கு வராது என்று அவளுக்கு நம்பிக்கை. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வேறு சாவி உண்டா என்று டிரைவரிடம் கேட்டார், இல்லை என்றான் அவன். ஐந்து நிமிஷம் அங்கும் இங்கும் நடந்தார். மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். அதற்கும் மனிதர் கோபத்துக்கும் நடந்த போட்டியில் கடிகாரம் ஜெயித்தது. நாலே காலுக்குக் கையைத் தூக்கினார்.

"எல்லாரும் வாய மூடுங்க. பாடித் தொலையட்டும்."

நாற்பது பேர் மூச்சுக் காட்டாமல் நின்றார்கள். ஒருத்தி குழந்தையின் வாயில் வாழைப்பழத்தைத் திணித்தாள். காளியப்பன் குச்சிகளைத் தட்டி நாலு எண்ண ஆரம்பித்தான். ஒன்று, இரண்டு.

கேட்டில் சின்னண்ணன் நுழைந்தார். ஈரம் காயாத வேட்டி, நெற்றியில் திருநீறு, தோளில் மஞ்சள் பை. வெள்ளியங்கிரிக்குக் கொடுத்த வாக்குக்காக முந்தைய பஸ்ஸைப் பிடித்து வந்திருந்தார். கூட்டம் வழிவிட்டது. அவர் நேராகப் பின்கதவருகே வந்து, நாலு முழத் தூரத்தில் நின்று மகளைப் பார்த்தார். என்ன ஏது என்று அவருக்குப் புரியவில்லை. எல்லாரும் சும்மா நிற்பதைப் பார்த்து அவரும் சும்மா நின்றார்.

மூன்று. நாலு.

நிறுத்திவிடலாம் என்று அவளுக்கு ஒரு கணம் தோன்றியது. நிறுத்தினால் கேசட் இல்லை. பாடினால், அவர் முகத்துக்கு நேரே பாடவேண்டும். யாருடைய முகத்தைப் பார்க்கக்கூடாது என்று இத்தனை ஏற்பாடு செய்தாளோ, அந்த முகம். டிரம் விழுந்தது. கை தானாகக் கிதாரில் இறங்கியது. பாடினாள்.

பின்னால் பாக்கிற கண்ணாடியைத் திருப்பி வெச்சிட்டேன்
பிரேக்கு மேல வெச்ச காலை எடுத்துப்புட்டேன்
சொல்லிட்டுப் போக வாய் வரலே, வாய் வரலே
அப்பா, நான் பாட்டுல சொல்லிப் போறேன்

முதல் சுற்றில் அவள் அவரைப் பார்க்கவில்லை, மைக்கைப் பார்த்தாள். இரண்டாம் சுற்றில் பார்த்தாள். பார்த்ததும் குரல் உடைந்துவிடும் என்று பயந்தாள். உடையவில்லை, இன்னும் மேலே ஏறியது. கோபமும் பாசமும் பயமும் ஒரே தொண்டையில் வந்தால் அப்படித்தான் ஏறும் போலிருக்கிறது. காளியப்பன் வாழ்நாளில் அடிக்காத அடி அடித்தான். அப்பா என்று மூன்றாம் தடவை கத்தி முடித்தபோது கிதார் மட்டும் கொஞ்ச நேரம் ரீங்கரித்துக்கொண்டிருந்தது. பிறகு அதுவும் அடங்கியது.

யாரும் கை தட்டவில்லை. சின்னண்ணன் முன்னால் வந்து பின்கதவுப் பலகையில் கை வைத்தார். அவருடைய பட்டறையில் இழைத்த பலகை.

"நெசமா?"

"நெசந்தானுங்க அப்பா."

"எப்ப?"

"ராத்திரி வண்டிக்குங்க."

அவர் தலை குனிந்து நின்றார். அடிப்பார் என்றுதான் வெள்ளியங்கிரி உட்பட எல்லாரும் எதிர்பார்த்தார்கள். மணி நாலு இருபது.

"போறதுன்னா இப்பவே போ. நாலரை ஆச்சுன்னா நான் உட மாட்டேன்."

சொல்லிவிட்டுத் திரும்பினார். அதற்குள் மௌனம் தாங்காத பேண்டுக்காரர்கள் முழு மூச்சில் வாசிக்கத் தொடங்கிவிட்டார்கள். திரும்பும்போது அவர் வாய் ஏதோ முணுமுணுத்தது. வசந்தாமணிக்குக் கேட்கவில்லை.

அதற்கு மேல் யோசிக்க நேரமில்லை. சாவியை அவிழ்த்து வெள்ளியங்கிரி கையில் கொடுத்தாள். வண்டி ஓமலூர் போகிறது, பெங்களூர் ரோடு அதுதானே என்று அவர் வேறெங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார். துணிப்பெட்டி வீட்டில் இருந்தது. போய் எடுத்து வந்தால் ராகுகாலம் பிறந்துவிடும். அம்மாவிடம் சொல்லிக்கொள்ளவும் நேரமில்லை, அது பிறகு வெகுநாள் அவளை அறுத்தது. வேலுசாமி வயரைப் பிடுங்கிச் சுருட்டி, மெஷின் பெட்டியோடு வண்டியில் ஏறினார், காளியப்பன் டிரம்மை இறக்கினான். சின்னண்ணன் அவள் கிதாரின் ஸ்பீக்கர் பெட்டியைத் தோளில் தூக்கி வந்து, உப்பு மூட்டைக்கும் மஞ்சள் மூட்டைக்கும் நடுவில் ஆடாமல் இருக்கும்படி வைத்தார். பிறகு சக்கரத்தடியில் எலுமிச்சையை அவரே வைத்தார். நாலு இருபத்தெட்டுக்கு வண்டி நாலு பழத்தையும் நசுக்கிக்கொண்டு கேட்டைத் தாண்டியது. முதல் லோடாக மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தவள் திரும்பிப் பார்த்தபோது அவர் சிதறிய பூசணித் துண்டுகளைக் காலால் ஓரம் தள்ளிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

திங்கள் காலை ஆறு மணிக்கு, பெங்களூரில் அந்த விளம்பரக் கம்பெனி அறையில், மெஷினைத் திருப்பி வைப்பதற்கு முன் ஒருதரம் கேட்டுவிடலாம் என்றார் வேலுசாமி. நல்ல குளிர். மாற்றுச் சேலை இல்லாமல், சாலம்மாளின் போர்வையைச் சுற்றிக்கொண்டு, பல் கிட்டிக்க அவள் ஹெட்போனை மாட்டினாள். எட்டாவது பாட்டு ஓடி முடிந்தது. டேப் நிற்கவில்லை. அவசரத்தில் மெஷினை நிறுத்த மறந்துவிட்டேன், பாட்டு முடிந்த இடத்தில் வெட்டிவிடலாம் என்று வேலுசாமி சொல்லிக்கொண்டிருந்தார்.

நெசமா என்று அப்பாவின் குரல் கேட்டது. பிறகு எப்ப. பிறகு, நாலரை ஆச்சுன்னா நான் உட மாட்டேன். அப்புறம் பேண்டு வாத்தியம். அந்த இரைச்சலுக்கு அடியில், மைக்குக்குப் பக்கத்திலேயே, தனக்குத்தானே சொல்லிக்கொண்டதுபோல் இன்னும் ஒரு வரி இருந்தது.

"அங்க குளுருமே சாமி."

அவள் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு அழுதாள். வெட்டவேண்டாம் என்று சொல்ல அவளுக்கு வெகுநேரம் ஆயிற்று.